வாயில் கத்தி கவ்வியவன்

என் கல்யாணம் முடிவாவதற்கு முன், பல்லாவரத்தில் ஒரு வீட்டுச் சுவரில் பதினொரு மாதங்கள் தொடர்ந்து ஆகஸ்ட் மாதமாகவே இருந்தது. அதற்குக் காரணம் நான்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. நான் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியர். டெலிபிரிண்டரில் ஆங்கிலத்தில் வரும் செய்திகளைத் தமிழாக்கி, நீளம் குறைத்து, தலைப்பு போட்டு அச்சுக்கு அனுப்புவது வேலை; மாதத்தில் ஒரு வாரம் நைட் டூட்டி. டிசம்பர் கடைசி வாரத்தில் ஆபீசுக்குக் காலண்டர்கள் வந்து குவியும். சீனியாரிட்டிப்படி எடுத்துக்கொள்வார்கள். செய்தி ஆசிரியருக்குப் பூக்கள். தலைமை உதவி ஆசிரியருக்குப் பனிமலைகள். விளையாட்டுப் பக்கத்துக்காரர் கார்கள் போட்ட காலண்டருக்காக ஒரு நாள் முன்னதாகவே லீவிலிருந்து திரும்புவார். அந்த வருடம் மேஜையில் கடைசியாக மிஞ்சியது ஜெர்மனியிலிருந்து ஏதோ ஒரு மியூசியம் வெளியிட்ட காலண்டர். நல்ல நீளம், வழவழப்பான கனத்த தாள். அட்டையில் தங்கப் பின்னணியில் மாதா, மடியில் குழந்தை.

எனக்கு அப்போது ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தைத் திருப்திப்படுத்த வேண்டியிருந்தது. அட்டையைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டேன். பக்கம் பக்கமாகப் பிழை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன், இதை மட்டும் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

அந்தக் குடும்பத்துப் பெண் எங்கள் ஆபீசில் வரி விளம்பரக் கவுண்ட்டரில் இருந்தாள். மரண அறிவிப்புகள் அவள் பொறுப்பு. அழுதுகொண்டே வருகிறவரிடம் "போட்டோ உண்டா சார், இல்ல வெறும் வரியா?" என்று அவர் மனம் நோகாமல் கேட்க அவளால் மட்டும்தான் முடியும் என்று ஆபீசில் பெயர். நான் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறுவேன், அவள் பல்லாவரத்தில் ஏறுவாள். இரண்டு வருடம் ஒரே வண்டியில் போய்வந்ததில், கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவுசெய்திருந்தோம். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டில், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியாரான என் அப்பா தன் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். "முதல்ல அவங்க சரின்னு சொல்லட்டும். அப்புறம் நான் முடியாதுன்னு சொல்லிக்கறேன்."

ஆக, எல்லாம் அவள் அப்பா கையில் இருந்தது.

அவர் ஒரு டேனரியில் செலக்டர். அந்தக் காலத்தில் ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும், பதனிடும் தோலின் வாசனை வந்ததும் குரோம்பேட்டை தாண்டிவிட்டது, பல்லாவரம் வருகிறது என்று எழுந்துகொள்ளலாம். செலக்டர் வேலை என்பது தரம் பிரிப்பது. தோலை மேஜைமேல் விரித்து, பெருவிரலால் ஒரு தடவை தடவி, தூக்கி வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து, பின்பக்கம் சாக்பீஸால் ஓர் எண் போடுவார். ஒன்று, இரண்டு, மூன்று. பெருக்கல் குறி போட்டால் கழிவு. ஒரு தோலுக்கு ஐந்து நொடிதான். அவர் போட்ட எண்ணை முதலாளியும் மாற்ற முடியாது. முப்பது வருடம் இதைச் செய்ததில், வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கும் கருவாட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் வரை எல்லாவற்றுக்கும் எண் போடுவது பழக்கமாகியிருந்தது.

புதுவருடத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்து அவர்கள் திரும்பிய பிறகு, காலண்டரோடு போனேன்.

"இன்னா வேலை சார் உங்களுக்கு?" என்றார்.

"சப் எடிட்டர்."

"எய்துறதா?"

"மத்தவங்க எழுதினதைத் திருத்தறது."

"ஓ" என்று என்னை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். "நம்ம வேலைதான்."

இது நல்ல தொடக்கம் என்று நினைத்தேன். காலண்டரைக் கொடுத்தேன். அவள் அம்மா அட்டையிலிருந்த மாதாவைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்துவிட்டு ஜனவரியைப் புரட்டினார். ஜனவரியில் ஓர் இளைஞன் கம்பத்தில் கட்டப்பட்டிருந்தான். உடம்பில் அம்பில்லாத இடம் குறைவு.

"ஐயோ, இன்னாய்யா இது? முள்ளம்பன்னி மேறி!"

பிப்ரவரியில் ஒரு பெண்ணின் மார்புகளைக் குறடால் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அதை ஒரு நொடிகூடப் பார்க்காமல் புரட்டினார். மார்ச்சில் ஒரு பிஷப்பின் குடலை உருவி, இரண்டு பேர் ராட்டினத்தில் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஏப்ரலில் ஒருவரை இரும்புக் கட்டிலில் படுக்கவைத்துக் கீழே நெருப்பு மூட்டியிருந்தார்கள். பன்னிரண்டு மாதம், வேதத்துக்காக உயிர்விட்ட பன்னிரண்டு வேதசாட்சிகள். மாதாவை அட்டையோடு நிறுத்திவிட்டார்கள்.

"வருசம் முச்சூடும் இதையா பாத்துகினு கீறது? பொண்ணு கேக்க வந்தவரு கொண்டாற பொருளா இது?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் வேண்டுமென்றே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வேகமாகப் புரட்டிக்கொண்டே போக, ஓரிடத்தில் அவள் அப்பாவின் கை வந்து தாளின்மேல் அழுந்தியது.

"இரு."

அது ஆகஸ்ட். புனித பர்த்தலமேயு. உயிரோடு தோலுரித்துக் கொல்லப்பட்டவர். படம் ஐந்நூறு வருடத்துக்கு முந்தையது என்று கீழே போட்டிருந்தது. ஒரு மேஜைமேல் அவரைச் சாய்த்துக் கட்டியிருந்தார்கள். முடிவெட்டும் கடையில் முறை வந்து உட்கார்ந்தவரைப்போல அமைதியான முகம். அவரைச் சுற்றி நான்கு பேர். ஒருவன் அவருடைய வலது கையைக் குத்துவாளால் கிழித்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் காலிலிருந்து தோலைக் காலுறை கழற்றுவதுபோல இழுத்தான். மூன்றாமவன் மார்பில் கத்தியை நட்டுவைத்துவிட்டு வேறெங்கோ பார்த்தான். நான்காமவன் இடது தோளில் தோலை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். கத்தி அவன் வாயில், பற்களுக்கிடையே குறுக்காக இருந்தது. பின்னால் மென்மயிர்த் தொப்பி போட்ட பெரிய மனிதர்கள். முன்னால் ஒரு வெள்ளை நாய், கீழே சிந்தியதை நக்கிக்கொண்டிருந்தது.

அவர் போய்க் கண்ணாடியை எடுத்துவந்தார். காலண்டரை வாசற்படிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். புனிதரின் கைமேல் பெருவிரலை வைத்துத் தடவினார். நான் செருப்பு எங்கே விட்டேன் என்று யோசித்தேன்.

"இவனுங்களுக்கு வேலை தெர்ல" என்றார்.

விரல் முதலாமவனின் கத்திக்கு நகர்ந்தது.

"கையிலேர்ந்தா ஆரம்பிக்கிறது? நடு வவுத்துல கோடு போட்டுகினு, அங்கேர்ந்து கைக்கும் காலுக்கும் போவணும். கத்தி எப்டி புடிச்சிருக்கான் பாரு. முனை தோல் பக்கம் பாக்குது. சதைப் பக்கம் பாக்கணும். இப்டி உரிச்சா பத்து எடத்துல கத்திக்குறி வுழும். மூணாம் நம்பர்கூடத் தேறாது."

"சாமிக்குப் போயி நம்பர் போடறியா?" என்று மனைவி அதட்டினார்.

"சாமிக்கா போட்டேன்? உரிக்கிறவனுக்குப் போட்டேன்."

பிறகு நான்காமவனைக் காட்டினார். "நாலு பேருல இவன் ஒருத்தன்தான் தொழில்காரன். கோடு போட்ற வரைக்கும்தான் கத்தி. அப்பால ரெண்டு கையும் வேணும். கத்தியைக் கீழ வெச்சா மண்ணு ஒட்டும். அதான் வாயில."

காலண்டரை ஆகஸ்டிலேயே ஆணியில் மாட்டினார். கல்யாண விஷயத்துக்கு, நான் கிளம்பும்போது, "பாக்கலாம்" என்றார்.

அதன்பின் அந்த ஆணியில் மாதம் மாறவில்லை. அவள் அம்மா இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார்; மறுநாள் காலையில் ஆகஸ்ட் திரும்பி வந்திருந்தது. அந்த வீட்டில் வேறு காலண்டரும் கிடையாது. மே மாதத்தில் உறவில் ஒரு நிச்சயதார்த்தம், பதினாலாம் தேதி. அம்மா சுவரைப் பார்த்தார், ஞாயிறு என்றிருந்தது. உண்மையில் அது சனிக்கிழமை. ஞாயிறன்று புதுப்புடவை கட்டிக்கொண்டு போனபோது பந்தல் கழிகளை அவிழ்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இதற்கும் காரணம் நான்தான் என்று எனக்குச் சொல்லி அனுப்பினார்.

ஆனால் அதற்கு முன்பே விஷயம் முற்றிவிட்டது. மாதத்துக்கு இரண்டு ஞாயிறு நான் போவேன். கல்யாணத்தைப் பற்றிப் பேசத்தான் போவேன். அவர் பேசுவது ஆகஸ்டைப் பற்றி. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு தப்பு கண்டுபிடித்து வைத்திருப்பார். தவக்காலத்தில் ஒரு நாள் கேட்டார்:

"உங்க பேப்பர்ல தப்பா போட்டுட்டா இன்னா பண்ணுவீங்கோ?"

"மறுநாள் திருத்தம் போடுவோம் சார்" என்றேன் கொஞ்சம் பெருமையாகவே.

"அப்போ இதுக்குப் போடச் சொல்லுங்கோ."

"சார், இதை வரைஞ்சு ஐந்நூறு வருஷம் ஆச்சு."

"அதான் சொல்றேன். இத்தினி நாளா ஒருத்தனும் கேக்கல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "கடுதாசி எய்துங்கோ சார். நான் சொல்றேன், நீங்கோ இங்கிலீசுல எய்துங்கோ. அவங்க பதில் போடட்டும். அன்னிக்கு உங்க விசயத்துக்கு நான் பதில் சொல்றேன்."

மறுநாள் ரயிலில் அவளிடம் சொன்னேன். மீனம்பாக்கம் வந்ததும் அவள் சொன்னாள்.

"அப்பா உங்களை மரியாதையா கழட்டி விடறார். மியூசியமாவது, பதில் போடறதாவது."

"போடலாம்."

"உங்க ஆபீசுக்கு வர்ற வாசகர் கடிதத்துக்கு எத்தனைக்குப் பதில் போட்டிருக்கீங்க?"

நான் ஒன்றுக்கும் போட்டதில்லை. அன்றைக்குத்தான் இன்னொரு விஷயமும் சொன்னாள். துபாயில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் ஒரு மாப்பிள்ளையின் போட்டோ வந்திருக்கிறது. அம்மா அதைத் திருஇருதய ஆண்டவர் படத்தின் கீழே, விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அவர் டிசம்பரில் லீவில் வருகிறார். "டிசம்பருக்குள்ள உங்க ஜெர்மனிக்காரன் பதில் போடலைன்னா, அப்பா அம்மாகிட்ட விட்டுடுவார். அம்மா ஏற்கெனவே முடிவு பண்ணியாச்சு."

எனக்குக் கையில் எட்டு மாதம் இருந்தது. கடிதம் சரியாக இருக்க வேண்டும். புரியாததை எழுதக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். எனக்குத் தோலுரிப்பதில் ஒன்றும் புரியவில்லை. அவரிடமே சொன்னேன். அவருக்கு அது பிடித்திருந்தது. "வெள்ளிக்கியம காலைல வாங்கோ சார்" என்றார்.

சந்தைக்குப் பின்னால் ஆடு அறுக்கும் இடம். அவருடைய நண்பர் ஒருவர் அங்கே உரிப்பவர். லுங்கியை மடித்துக்கட்டிய, பணிவான மனிதர். நான் நோட்டுப்புத்தகத்தைத் திறந்து நின்றேன். எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை. ஆடு தலைகீழாகத் தொங்கியது. நடுவயிற்றில் ஒரே கோடு. அங்கிருந்து கால்களுக்கு. நான் எழுதினேன். கத்தியின் முனை எந்தப் பக்கம் என்று கேட்டேன், காட்டினார், எழுதினேன். பிறகு கத்தியை வாயில் கவ்விக்கொண்டு, முஷ்டியை மடக்கித் தோலுக்கும் சதைக்கும் நடுவே குத்திக் குத்தி இறக்கினார். ஒரு கீறல் இல்லாமல் தோல் தானாகவே இறங்கிவருவதுபோல இருந்தது. அதையும் எழுதினேன். இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை.

அப்போது அவர், மரியாதைக்காக, பல்லில் கத்தியோடு என் பக்கம் திரும்பி விசாரித்தார்.

"எந்தப் பேப்பர் சார்?"

அதற்குப் பின் எனக்கு நினைவிருப்பது வானம். உப்புப் போட்ட தோல் அடுக்கின்மேல் படுத்திருந்தேன். முகத்தில் கோலி சோடா வழிந்தது.

"சாருக்கு வூட்ல காய்கறியா?" என்று உரிப்பவர் கவலையோடு கேட்டார். வாயிலிருந்து கத்தியை எடுத்துவிட்டிருந்தார்.

அவள் அப்பா கீழே விழுந்திருந்த என் நோட்டுப்புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். கடைசி வரியில் 'கத்தியை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கை' என்று இருந்தது. அதற்குப் பிறகு ஒரு கோடு தாளின் விளிம்புவரை போய் நின்றிருந்தது.

"வுழுற வரைக்கும் எய்திகினு கீறியே, தம்பி" என்றார்.

அதுவரை நான் சார்.

கடிதத்தை மூன்று ஞாயிறு எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல ஆறு பாயிண்ட் வந்தது. மூன்று பக்கத்தைப் பழக்கதோஷத்தில் ஒன்றரைப் பக்கமாகக் குறைத்தேன். படித்துக் காட்டியபோது விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

"ஆறாவது எங்க?"

"அது நாயைப் பத்தினது சார். அதுல தப்பு ஒண்ணும் இல்லைன்னு நீங்களே சொன்னீங்க."

"அதான் ஆறாவது. நாய் கரெக்டா கீது. அறுக்கிற எடத்துல நாயி அப்டித்தான் நிக்கும். நல்லாருக்கறதையும் சொல்லணும். தப்பை மட்டும் சொன்னா எவன் படிப்பான்?"

எங்கள் செய்தி ஆசிரியர் எனக்கு ஒருபோதும் சொல்லித்தராத விஷயம் அது. நாயைச் சேர்த்தேன். காலண்டரின் கடைசிப் பக்கத்திலிருந்த விலாசத்துக்கு ஏர்மெயிலில் அனுப்பினோம். அனுப்புநர் விலாசத்துக்கு ஆபீஸ் விலாசத்தைப் போட்டேன். வீட்டு விலாசத்துக்கு ஜெர்மனியிலிருந்து கடிதம் வந்தால் என் அப்பாவுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

மே போனது, ஜூன் போனது. தினமும் ஆபீஸ் தபால் மேஜையைக் கடக்கும்போது கண்ணை ஓட்டுவேன். தபால் பிரிக்கும் ஊழியர், நான் வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்கிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தார். அதை நம்பிய இருவர் என் நாற்காலிக்கு விண்ணப்பிப்பது பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

உண்மையான ஆகஸ்ட் வந்தது. அந்த ஒரு மாதம் அந்த வீட்டுச் சுவர் சரியான தேதியைக் காட்டியது. புனிதரின் திருநாளன்று பங்குச் சாமியார், படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தார். அன்று நானும் இருந்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, வாயில் கத்தி கவ்வியவனைக் காட்டினார்.

"இதைப் பாருங்க. மத்த மூணு பேரும் மனுஷங்க. இவன் பிசாசு. பல்லுல கத்தி! வரைஞ்சவர் எவ்வளவு ஆழமா யோசிச்சிருக்கார்!"

"இல்ல ஃபாதர்" என்றார் அவள் அப்பா. "அவன்தான் ஒய்ங்கா வேலை செய்றான். மத்த மூணும்தான் உதவாக்கரை."

"ஒரு புனிதரைக் கொல்றாங்க. அதை ஒழுங்கா வேற செய்யணுமா?"

"வேற யாரையாவது வெச்சுக் கொன்னிருக்கலாம் ஃபாதர். தோலுன்னு வந்துட்டா தோலு வேலைதானே?"

சாமியார் காபியைக் குடித்து முடித்தார். தோல் வேலை செய்கிறவர்களுக்கு அந்தப் புனிதர்தான் பாதுகாவலர் என்று போகிற போக்கில் சொன்னார். அவள் அப்பாவுக்கு அது புதுச் செய்தி. எழுந்துபோய் ஆகஸ்டின் முன்னால் நின்றார். "அப்போ இன்னும் மோசம்" என்றார். "நம்ம ஆளையே கண்டமாதிரி உரிச்சிருக்கானுங்க."

அக்டோபரில் மழை வந்தது. நவம்பரில் குரோம்பேட்டை தண்டவாளம் தண்ணீரில் மூழ்கி இரண்டு நாள் ரயில் இல்லை. அவள் அம்மா பஜ்ஜி போடத் தனியாக வாழைக்காய் சொல்லிவைத்தார். துபாய்க்காரர் டிசம்பர் முதல் வாரம் வந்து இறங்கினார். ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

அந்த வெள்ளிக்கிழமை தபால் மேஜையில் ஒரு நீள உறை கிடந்தது. மேலே மியூசியத்தின் முத்திரை. உள்ளே டைப் அடித்த இரண்டு பக்கம். முழுக்க ஜெர்மன்.

வரி விளம்பரக் கவுண்ட்டருக்குக் கொண்டுபோனேன். அவள் இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன எழுதியிருக்கு?"

"தெரியலை."

"நீங்களே ஏதாவது சொல்லிடுங்க. 'ஐயா சொன்னது ரொம்ப சரி, எங்க தப்புதான்'னு. தினமும் எத்தனை தந்தியை மொழிபெயர்க்கறீங்க. அப்பாவுக்கு என்ன தெரியும்?"

யோசிக்காமல் இல்லை. வாக்கியங்கள்கூட மனதில் வந்துவிட்டன, நன்றாகவே வந்தன. ஆனால் அவர் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறவர் இல்லை. மூணாவது பாயிண்ட்டுக்கு இன்னா சொன்னான், நாயைப் பத்தி இன்னா சொன்னான் என்று கேட்பார். சொன்னதையே இரண்டு மாதம் கழித்து மறுபடி கேட்பார். நான் வாழ்நாள் முழுக்க ஒரு பொய்க் கடிதத்தை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை முழுவதும் ஜெர்மன் தெரிந்த ஆளைத் தேடினேன். மாலையில், தாம்பரத்தில் ஒரு கன்னியர் மடத்தில், இளவயதில் ஜெர்மனியில் பத்து வருடம் நர்சாக இருந்து திரும்பிய மலையாளி சிஸ்டர் ஒருவர் அகப்பட்டார். அங்கேயே படித்துக் காட்டுகிறேன் என்றார். வேண்டாம் சிஸ்டர், ஒரு வீட்டில் வந்து படிக்க வேண்டும், எனக்கே முன்கூட்டித் தெரியக்கூடாது என்றேன். என்னை விநோதமாகப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கல்யாணக் காரியமாணு, அல்லே? வராம்" என்றார்.

ஞாயிறு பதினொரு மணிக்கு சிஸ்டருடன் பல்லாவரத்தில் இறங்கினேன். சமையலறையில் கடலைமாவு கரைத்து வைத்திருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்காக நான்கு நாற்காலி இரவல் வாங்கிப் போட்டிருந்தார்கள். அதில் ஒன்றில் சிஸ்டர் உட்கார்ந்தார். அவள் அப்பா சட்டை போட்டுக்கொண்டு வந்து, கைகட்டி நின்றார். அவர் யாருக்கும் கைகட்டி நின்று நான் பார்த்ததில்லை.

சிஸ்டர் முதலில் வாய்க்குள் படித்தார். புருவம் உயர்ந்தது. பிறகு சொன்னார்.

எழுதியிருந்தவர் அங்கே பழைய படங்களைக் கவனித்துக்கொள்கிற அதிகாரி. பதில் தாமதமானதற்கு மன்னிப்பு. பழைய காகிதங்களைத் தேடவேண்டியிருந்ததாம். அந்தப் படம் அந்த ஊரில் தோல் பதனிடுகிறவர்களின் சங்கத்துக்காக, அவர்கள் கோயிலில் வைப்பதற்காக வரைந்தது. படம் முடிந்து வந்ததும் சங்கத்துக்காரர்கள் அதை மாட்ட மறுத்துவிட்டார்கள். நான்கு பேருக்கும் வேலை தெரியவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஓவியர் மறுபடி எடுத்துப்போய் ஒருவனை மட்டும் அழித்து, புதிதாக வரைந்து கொடுத்தார். வாயில் கத்தி வைத்திருப்பவன். அந்த இடத்தில் மட்டும் வண்ணம் இரட்டைக் கனம். சங்கத்தார் அன்றைக்குச் சொன்ன குறைகளும் இந்தியாவிலிருந்து வந்த குறைகளும் ஒன்றேதான். நாயைப் பற்றி மட்டும் அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

சமையலறையில் ஏதோ பாத்திரம் நகர்ந்த சத்தம் கேட்டது.

"அவங்களும் தோலுக்காரங்களா, சிஸ்டர்?" என்றார் அவள் அப்பா.

"அதே. எல்லாரும் தோல் பணிக்காரர்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சுவருக்குப் போய், வாயில் கத்தி கவ்வியவன்மேல் பெருவிரலை வைத்தார். "அதான் பாத்தேன். இவன் மட்டும் எப்டி தெரிஞ்சவனா கீறான்னு." திரும்பினார். "மீதி மூணு பேரை ஏன் அப்டியே வுட்டானுங்க?"

சிஸ்டர் தாளைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். "அது எழுதியிட்டில்லா."

அவர் யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார். "பண்டிகை வந்திருக்கும். நாங்களும் அப்டித்தான். கப்பல் தேதி வந்துட்டா, நாலுல ஒண்ணு சரியா இருந்தா பாஸ் பண்ணிடுவோம்."

அவர் பார்வை என்மேல் வந்து நின்றது.

"தம்பி, இப்டி வெளிச்சத்துல வந்து நில்லு."

வாசற்படியில் நின்றேன். ஐந்து நொடி இருக்கும். அவள் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த முறை மின்விசிறியைப் பார்க்கவில்லை.

"வேற சாமி. நைட்டு டூட்டி. ரத்தம் பாத்தா வுழுந்துடுற. மூணு தப்பு" என்றார். "ஒண்ணு கரெக்டா கீது. தேதியும் வந்துட்ச்சு. பாஸ், மாப்ள."

அவள் அம்மாதான் முதலில் சுதாரித்தார். "நாலு மணிக்கு அவங்க வர்றாங்களே! இன்னான்னு சொல்றது?"

"பஜ்ஜி குடுத்து அனுப்பு."

"கரெக்டா கீதுன்றியே, எது அந்த ஒண்ணு?"

அவர் பதில் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. செலக்டர்கள் காரணம் சொல்வதில்லை; எண்ணை மட்டும்தான் போடுவார்கள். அன்று மாலை வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது என் அப்பா நாளிதழைக் கீழே வைத்து, "சரின்னுட்டாங்களா?" என்றார், ஏமாற்றப்பட்டவரின் குரலில். முடியாது என்று சொல்ல வேண்டிய கட்டம் வந்துவிட்டது. பதினொரு மாதமாக அவர் அதற்குத் தயார்செய்துகொள்ளவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ஆனால் பல்லாவரத்தில் நான் கடைசியாகப் பார்த்தது வேறு. சிஸ்டரை ரயிலேற்றக் கிளம்பிக்கொண்டிருந்தோம். அவள் அம்மா, இத்தனை நாள் காத்திருந்ததுபோல, நேராகச் சுவருக்குப் போய் ஆகஸ்டைத் தூக்கிப் பின்னால் தள்ளினார். செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என்று புரட்டி டிசம்பருக்கு வந்தார். டிசம்பரில் ஒரு புனிதரைக் கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரையில் உட்காரவைத்திருந்தார்கள். ஒருவன் கரண்டியால் எடுத்து அவர் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

சிறிது நேரம் அதைப் பார்த்தார். அடுப்பில் வைத்திருந்த வாணலியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஆகஸ்டையே மறுபடி முன்னால் இழுத்துவிட்டு, பஜ்ஜி போடப் போனார்.